முற்றத்துப் பனையினமும் நில உரிமையும்: பேராக் தமிழர் வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வீட்டு முற்றத்தில் நிற்கும் மரத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுதியாக இல்லை. கல்வெட்டு, செப்பேடு, அரசு ஆவணம், பழைய நாளிதழ் ஆகியவற்றைத் தேடிச் செல்லும் ஆய்வாளர், தம் வாசலில் நிற்கும் தென்னையைக் கடந்தே நூலகத்திற்குச் செல்கின்றார். ஆயினும் மரமும் ஒருவகை ஆவணமே. கீரையை விதைப்பவர் ஒரு திங்களில் அதன் பயனைப் பெறுகின்றார். தென்னையையோ கமுகையோ நடுபவர் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே, அத்தகைய மரத்தை நட்டவர் அவ்விடத்திலேயே தாம் இருப்போம் என்று நம்பினார் என்பது அம்மரத்தைக் கொண்டே பெறப்படும். அந்நம்பிக்கை நிறைவேறியதா என்பது வரலாற்றின் வினா.

பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சூழ்ந்தும், சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் முதலிய வட்டாரங்களிலும் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாறு, கூலி, சம்பளம், தொழிற்சங்கம், கல்வி ஆகிய நோக்குகளில் பலரால் ஆராயப்பட்டுள்ளது. அவர்தம் வீட்டு முற்றம் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. முற்றத்தில் எப்பனை நின்றது, அதனை நட்டவர் யார், அது நின்ற நிலம் எவருடையது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகின்றது. இன்று சொந்த மனை வாய்க்கப்பெற்ற குடும்பங்கள் இம்மண்ணுக்குரிய பனையினங்களை வீட்டில் வளர்ப்பதன் பொருள் யாது என்பதும் இறுதியில் ஆராயப்படுகின்றது.

தமிழ் மரபில் பனையினம்

பனை, தென்னை, கமுகு, ஈச்சு ஆகியவற்றைத் தாவரவியலார் ஒரே குடும்பமாகக் கொள்வர். தமிழ் மரபும் இவற்றின் உறவை முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வெளியே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கின்றது. இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் புல்லினத்தைச் சாரும். பனையினத்தின் தண்டில் வன்மை புறத்தே செறிந்திருப்பதும், புல்லைப் போன்றே அவையும் ஒருவித்திலைத் தாவரங்களாக இருப்பதும் இன்றைய தாவரவியல் ஏற்கும் உண்மைகளாகும். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை எனப் பனையினத்தின் உறுப்புகளுக்குத் தனிச் சொற்களை வகுத்த மொழி, அம்மரங்களோடு நெருங்கி வாழ்ந்த மக்களின் மொழி என்பதில் ஐயமில்லை.

பனை சேரரின் அடையாளப் பூவைத் தந்தது. எழுதும் ஏட்டைத் தந்தது. தென்னங்குருத்துத் தோரணமும் கமுகம்பாளையும் மங்கல நிகழ்வுகளுக்கு உரியன. வெற்றிலையும் பாக்கும் இன்றித் தமிழர் வீட்டில் திருமணப்பேச்சு முடிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தமிழகத்திலிருந்து பேராக்கிற்குக் கப்பலேறிய தொழிலாளர், உடைமை என்று சொல்லத்தக்க எதனையும் கொண்டு வந்தாரில்லை. பனையினத்தைப் பற்றிய இவ்வறிவு மட்டும் அவர்களோடு வந்தது.

பேராக் மண்ணுக்குரிய பனைகள்

அவர்கள் வந்திறங்கிய நாடு பனையினங்களுக்குப் பெயர்பெற்ற நாடு. தீபகற்ப மலேசியாவில் பிரம்பு வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ இருநூறு பனையினங்கள் இயற்கையாக வளர்கின்றன. மரங்களால் ஊர்கள் பெயர்பெறுவதும் இந்நாட்டு வழக்கம். ஈப்போ நகரமே ஒரு மரத்தின் பெயரைத் தாங்கியது. பழங்குடியினர் தம் ஊதுகுழல் அம்புகளுக்கு நஞ்சூட்டப் பயன்படுத்திய பாலைத் தரும் ஈப்போ மரம் அது, பனையினத்தைச் சேர்ந்ததன்று. பினாங்கு என்னும் பெயர் கமுகைக் குறிக்கும் மலாய்ச்சொல்லாகும். அம்மாநிலத்தின் கொடியிலும் கமுகு நிற்கின்றது. பேராக்கின் வடமேற்கு எல்லையில், பாரிட் புந்தாருக்கு அருகில் அமைந்துள்ள நிபோங் திபால் என்னும் ஊர்ப்பெயரில் நிபோங் பனை உள்ளது. கீழ்ப்பேராக்கின் லங்காப் என்னும் சிற்றூரின் பெயரால் ஒரு காட்டுப்பனையும் வழங்குகின்றது. பங்கோர் தீவின் தெலுக் நிப்பா, நிப்பாப் பனையின் பெயரைக் கொண்டது.

பேராக்கின் பெயரும் தாவரவியல் நூல்களில் பனைகளோடு இணைந்துள்ளது. 1880-களில் பேராக் அரசின் தாவரவியலாளராகப் பணியாற்றிய இத்தாலியப் பாதிரியார் பெனடெட்டோ ஸ்கோர்டெச்சினி இக்காடுகளில் அலைந்து செடிகளைத் திரட்டினார். 1886-இல் கல்கத்தாவில் காலமானார். பனையியல் அறிஞர் பெக்காரி, காட்டுக் கமுகு வகை ஒன்றுக்குப் பேராக்கின் பெயரையும் மற்றொன்றுக்கு ஸ்கோர்டெச்சினியின் பெயரையும் சூட்டினார். தண்டுயர்ந்து, பிளவுபடாத பேரிலைகளை விரித்து நிற்கும் பேராக் குடைப்பனையை 1972-இல் ஜான் டிரான்ஸ்ஃபீல்டு தனியினமாக விவரித்தார். அதன் அறிவியற்பெயரிலும் பேராக் இடம்பெறுகின்றது. மலாய்மொழியில் 'பாயோங்' எனப்படும் இக்குடைப்பனை வகைகளின் இலைகளைக் கொண்டு பழங்குடியினர் கூரை வேய்ந்தனர்.

இப்பனைகளுள் ஒன்று தமிழ்த் தொழிலாளரின் வாழ்வை முதல்நாளிலிருந்தே தொட்டது. தொடக்ககாலத் தோட்டங்களில் கட்டப்பட்ட குடியிருப்புகள் பலவற்றுக்கு நிப்பா ஓலையால் தைத்த கீற்றே கூரையாயிற்று. 'அத்தாப்பு' என்னும் மலாய்ச்சொல் மலேசியத் தமிழில் நிலைத்துவிட்டமை இதற்குச் சான்று. கடலோரச் சேற்றில் வளரும் இப்பனையைத் தமிழர் நடவில்லை. அதன் பெயரைக்கூடப் பலர் அறிந்திருக்கமாட்டார். எனினும் இம்மண்ணில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நிழல் இம்மண்ணுக்குரிய ஒரு பனையினுடையது.

'தோட்டம்' என்னும் சொல்லின் இருபொருள்

மலேசியத் தமிழில் 'தோட்டம்' என்னும் சொல் வீட்டுத் தோட்டத்தையும் குறிக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரிந்த பெருந்தோட்டத்தையும் குறிக்கும். இவ்விருபொருளும் வரலாற்றில் ஒன்றோடொன்று பிணைந்தவை.

1874-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆட்சி ஏற்பட்டது. முதல் ரெசிடெண்டு பர்ச் 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877 முதல் 1889 வரை அப்பதவியில் இருந்த ஹியூ லோ, செடிகொடிகளில் பேரார்வம் உடையவர். பிரேசிலிலிருந்து பெறப்பட்ட விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, 1877-இல் இருபத்திரண்டு ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது, கோலகங்சாரில் ரெசிடெண்டு இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்நாளைய மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றது. பின்னாளில் இலட்சக்கணக்கான தமிழரைக் கடல்கடந்து வரச்செய்த 'பால்மரம்' பேராக்கில் முதன்முதலாக வேரூன்றியது ஒருவரது வீட்டுத் தோட்டத்தில்தான்.

செம்பனையின் வரலாறும் இதனை ஒத்ததே. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய இப்பனையின் நான்கு கன்றுகள் 1848-இல் சாவகத்தின் போகோர் பூங்காவை வந்தடைந்தன. 1870-களில் சிங்கப்பூர்ப் பூங்கா வழியாக மலாயாவிற்கு வந்தபோது, அது அழகுக்காக வளர்க்கப்படும் மரமாகவே கருதப்பட்டது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே, சுமத்திராவிலிருந்து பெற்ற விதைகளை முதலில் தம் சிலாங்கூர்த் தோட்டத்தில் சாலையோர அணிமரமாக வளர்த்தார். 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நிறுவினார். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமாரம்'. தமிழ்த் தொழிலாளரின் நாவில் வழங்கிய தென்னைமரத்தின் பெயரைத் தாங்கிய நிலத்தில் செம்பனை வணிகப்பயிராயிற்று என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேற்கண்ட செய்திகளிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. நிலத்தின்மீது அதிகாரம் உடையவர் தம் முற்றத்தில் நடும் அணிமரம், ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றவல்லது. நிலவுரிமை இல்லாதவர் தம் முற்றத்தில் நடும் மரமோ, அவரது குடும்பத்தின் ஊன்றுகோலாகக்கூட நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

லயத்து முற்றம்

ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் வாழ்ந்த லயம் தோட்ட நிருவாகத்தின் உடைமை. வேலை இருக்கும்வரை வீடு உண்டு. வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர் சட்டவிதிகள், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடச் சிறுநிலம் ஒதுக்குமாறு கூறின. ஒதுக்கப்பட்ட நிலமும் தொழிலாளிக்குச் சொந்தமானதன்று. இந்நிலையிலும் லயத்தின் பின்புறத்தில் முருங்கை, வாழை, கறிவேப்பிலை, மா ஆகியவற்றோடு தென்னையும் எழுந்தது. சட்டினிக்குத் தேங்காய், விளக்குமாற்றுக்கு ஈர்க்கு, அடுப்புக்கு மட்டை, பந்தலுக்குக் கீற்று, சாமிக்கு இளநீர் என ஒரு தென்னை ஒரு குடும்பத்தின் பல தேவைகளை நிறைவு செய்தது. தொழிலாளர் தம் ஊரில் அறிந்த பனை பேராக்கின் ஓயாத மழையில் பரவலாகக் காணப்படவில்லை. தென்னை மட்டும் இரு கரையிலும் ஒன்றாக நின்றது.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். 2011-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, உலகின் தென்னைகள் இரு பெருங்கிளைகளாகப் பிரிகின்றன எனக் காட்டியது. தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றின் தென்னைகள் இந்தியப் பெருங்கடற்கிளையையும், தென்கிழக்காசியத் தென்னைகள் பசிபிக் கிளையையும் சார்ந்தவை. இவ்விரு கிளைகளும் தனித்தனியே மனிதரால் பழக்கப்பட்டவை என அவ்வாய்வு கருதுகின்றது. எனவே, லயத்து முற்றத்தில் இவ்வூர்த் தேங்காயை ஊன்றிய தொழிலாளி, ஊரில் விட்டுவந்த மரத்தையே நடுவதாக எண்ணியிருந்தாலும், அவர் நட்டது இக்கரையின் மரத்தையே. நினைவு தமிழகத்தைச் சார்ந்தது. கன்று மலாயாவைச் சார்ந்தது.

தென்னைக்கு மற்றொரு முகமும் உண்டு. பேராக் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பாகான் டத்தோ வட்டாரம் இன்றும் தென்னைக்குப் பெயர்பெற்றது. அங்குத் தமிழர் ரப்பரோடு தென்னந்தோட்டங்களிலும் உழைத்தனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளில் விற்கப்பட்ட கள் தென்னையிலிருந்தே இறக்கப்பட்டது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி மாலையில் அக்கடைகளில் கரைந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடை மூடலும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இயக்கம் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. ஒரே பனையினம் குடும்பத்தைத் தாங்கவும் செய்தது, சிதைக்கவும் செய்தது. லயத்தின் பின்புறம் நின்ற தென்னை குடும்பத்தின் கையில் இருந்தது. கள்ளுக்கடைக்கு உரிய தென்னை பிறர் கையில் இருந்தது. வேறுபாடு மரத்தில் இல்லை. அதனை ஆண்டவரிடத்தில் இருந்தது.

பெயர்வும் பிரிவும்

முற்றத்தில் மரம் நட்டவர் அதன் நிழலில் இருக்க இயலாமற்போன வரலாறு பல கட்டங்களில் நிகழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் (1941–1945) தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாமற்போயினர். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதையடுத்து அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டது. சிதறிக்கிடந்த லயங்களில் வாழ்ந்தோர் வேலியிட்ட இடங்களில் ஒருங்கு குடியமர்த்தப்பட்டனர். காட்டோரத்தில் பயிரிட்டு வந்தவர்களின் நடமாட்டம் கட்டுப்படுத்தப்பட்டது.

நாடு விடுதலை பெறும் காலத்தை ஒட்டி, வெளிநாட்டு நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்றனர். இத்துண்டாடலால் வேலையும் வீடும் ஒருசேர இழந்த தொழிலாளர் பலர். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம். மரத்தை வளர்ப்பவருக்கே மரம் நிற்கும் நிலத்திலும் பங்கு வேண்டும் என்னும் எண்ணம் முதன்முறையாக நிறுவன வடிவம் பெற்றது எனலாம். எனினும் அச்சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க இயலவில்லை.

பின்னர் வந்தது செம்பனை. 1960-களிலிருந்து ரப்பர் வெட்டப்பட்ட இடங்களில் செம்பனை நடப்பட்டது. 1990-கள் பிறந்தபோது நாட்டில் செம்பனையின் பரப்பு ரப்பரை விஞ்சியது. பால்வெட்டு நாள்தோறும் பல கைகளை வேண்டும் தொழில். கணவனும் மனைவியும் அதில் சேர்ந்து உழைத்தனர். செம்பனைக்கு அதே பரப்பில் அத்தனை பேர் தேவையில்லை. செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவும் வேலை சிலகாலம் இருந்தது. 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து மகரந்தச் சேர்க்கை செய்யும் சிறுவண்டு கொண்டுவரப்பட்டதும் அவ்வேலையும் இல்லாமற்போயிற்று. அணிமரமாக வந்த ஒரு பனை, லயத்தையும் லயத்தின் பின்புறத்துத் தென்னையையும் சேர்த்தே அகற்றியது.

இன்று பேராக்கின் உட்புறச் சாலைகளில் செல்வோர், செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒழுங்கின்றி நிற்கும் சில நெடுந்தென்னைகளையும், ஒரு மாமரத்தையும், சிறு கோயில் ஒன்றையும் காண நேரும். அங்கு லயம் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. நட்டவர் பெயர்ந்துவிட்டார், நட்டது நிற்கின்றது.

'மண்ணின் மரம்' என்பதன் பொருள்

இம்மண்ணுக்குரிய மரம், பிறமண்ணிலிருந்து வந்த மரம் என்னும் பாகுபாட்டைத் தமிழர் எச்சரிக்கையோடு அணுகுதல் இயல்பே. 'வந்தேறி' என்னும் சொல்லின் வலியை அறிந்த சமூகம், மரத்தின் பிறப்பிடத்தை ஆராயும்போதும் அச்சொல்லின் நிழலை உணரும். ஆனால் வரலாறு இங்கு ஓர் உண்மையைச் சுட்டுகின்றது. மலேசியப் பொருளாதாரத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கிய ரப்பர் பிரேசிலிலிருந்தும் செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. கமுகின் தொல்பிறப்பிடம் பிலிப்பைன்ஸ் தீவுகள் எனக் கருதுவோர் உண்டு. அதற்காகப் பினாங்கு தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு மரம் எங்கிருந்து வந்தது என்பது தாவரவியலின் வினா; அது இங்கு என்ன செய்தது என்பதே வரலாற்றின் வினா. மாந்தருக்கும் இது பொருந்தும்.

ஆகவே, மண்ணுக்குரிய பனையை வீட்டில் வளர்க்க வேண்டும் என்பதற்கு, வந்த மரங்கள் தகுதியற்றவை என்பது காரணமாகாது. காரணம் வேறு. உடைமையாளரின் தேவைக்கேற்ப நடவும் வெட்டவும் பணிக்கப்பட்டவர்களுக்கு, காட்டின் இயல்பான மரங்களை அறிந்து தம் விருப்பப்படி நடும் வாய்ப்பு நெடுங்காலம் இல்லை. காட்டைத் திருத்தியவர்கள் அவர்களே. ஆயினும் காட்டின் மரங்களுள் ஒன்றைத் தம்முடையதாக வளர்க்க அவர்களுக்கு இடமில்லை. இன்று ஈப்போவின் புந்தோங் முதலிய பகுதிகளிலும் புறநகர்த் தாமான்களிலும் சொந்த வீடு பெற்றோர்க்கு அவ்வாய்ப்பு முதன்முறையாகக் கிட்டியுள்ளது. மனைப்பத்திரம் நிலத்தை உரிமையாக்கும். நிலத்தின் மரங்களை அறிதல் அவ்வுரிமையை உறவாக்கும்.

இன்றைய முற்றம்

இன்றைய தாமான் வீடுகளில் காணப்படும் அணிப்பனைகள் பலவும் அயல்நாட்டின. இராசப்பனை கியூபாவினது, நரிவால் பனை ஆஸ்திரேலியாவினது, மஞ்சள் தண்டுடைய கொத்துக்கமுகு மடகாஸ்கரினது. வட்ட விசிறியாய் இலை விரிக்கும் பெரும்பாலஸ் வனுவாட்டுத் தீவுகளினது. இவற்றுக்கு இணையான உள்நாட்டுப் பனைகளும் உள்ளன.

முதலில் குறிப்பிடத்தக்கது 'பினாங் ராஜா' எனப்படும் செங்கமுகு. தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ, தென் தாய்லாந்து ஆகியவற்றின் கரிச்சேற்றுக் காடுகளுக்கு உரியது இது. கொத்தாக வளரும் இதன் மடலுறைகள் குங்குமச் சிவப்பாக ஒளிர்வதால் உலகெங்கும் பூங்காக்களில் விரும்பப்படுகின்றது. நீர்தேங்கும் இடத்தையும் தாங்கும், வறட்சியைத் தாங்காது. வளர்ச்சி மெதுவானது, ஆகவே பெருந்தொட்டியிலும் பல்லாண்டு வைத்திருக்கலாம். மாடிவீட்டின் நிழல்படும் பக்கத்திற்கு உள்நாட்டு முட்பாலஸ் ஏற்றது. வடமாநிலங்களில் பெருநாளன்று கெத்துப்பாட் பொதியும் பாலஸ் இலையும் இப்பேரினத்தினதே. பெருமனை உடையோர் நிபோங்கை நடலாம். அதன் தண்டு உப்புநீரிலும் எளிதில் மக்காதாகையால் மீனவர் கடலில் கம்பமாக ஊன்றினர். அதன் முட்கள் கூரியவை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதனை நடலாகாது. குடைப்பனைக்குக் காட்டைப் போன்ற நிழலும் ஈரமும் வேண்டும். வெயில் பட்டால் இலை கருகும். ஒடுங்கிய இடமே உள்ள வரிசைவீட்டுக்கு, நேராக எழும் கமுகு இன்றும் பொருத்தமானதே.

நடும் முறையில் மண்ணை முதற்கண் நோக்க வேண்டும். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய நிலங்களில் பல குடியிருப்புகள் எழுந்துள்ளன. அம்மணல் நீரையும் சத்தையும் பிடித்துவைக்காது. அகலமான குழி தோண்டி, நன்கு மக்கிய எருவைக் கலந்து, மேலே சருகைப் பரப்பி ஈரத்தைக் காக்க வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் சாம்பல் சத்தும் மக்னீசியமும் குறைந்து முதிர்ந்த ஓலைகள் மஞ்சளாகும்; அதனைக் கண்டு பச்சை ஓலைகளைக் கழித்தல் கூடாது. பனையின் உயிர் அதன் குருத்தில் உள்ளது. தனித்தண்டுப் பனையில் குருத்து போனால் மரமே போகும். கொத்துப்பனையில் பக்கக்கன்று தப்பும். தண்டில் ஏற்படும் காயம் ஆறுவதில்லையாதலால் ஆணி அடித்தலும் கம்பி கட்டுதலும் தவிர்க்கப்படவேண்டும். மக்காத எருக்குவியலும் அழுகும் தண்டும் காண்டாமிருக வண்டுக்கு வளர்ப்பிடம். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் இதனைத் தனிக்கவனத்துடன் நோக்க வேண்டும்.

மேலும் ஒன்று இன்றியமையாதது. கன்றுகளை நாற்றுப்பண்ணையில் வாங்க வேண்டுமேயன்றிக் காட்டிலிருந்து பெயர்த்தல் கூடாது. குடைப்பனை போன்றவை குறுகிய பரப்பில் மட்டுமே வளர்பவை. வீட்டை அழகுசெய்யக் காட்டை வறிதாக்குவது, முற்காலத்தில் நம்மவர்மீது நிகழ்ந்ததை மரத்தின்மீது நிகழ்த்துவதாகவே முடியும். இப்பனைகளை நேரில் காண விழைவோர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1974-இல் தொடங்கப்பட்ட ரிம்பா இல்மு தாவரத் தோட்டத்திற்குச் செல்லலாம். பேராக்கிலேயே, ஈயம் தோண்டிய நிலத்தில் 1880-களில் உருவான தைப்பிங் ஏரிப் பூங்கா, பாழ்நிலமும் சோலையாகும் என்பதற்குச் சான்றாக விளங்குகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பேராக் தமிழரின் முற்ற வரலாற்றில் மூன்று பனைகள் மூன்று நிலைகளைச் சுட்டுகின்றன. நிப்பா, தமிழருக்கு நிழல் தந்தும் அவர்களால் அறியப்படாத மண்ணின் பனை. தென்னை, பிறர் நிலத்தில் நம்பிக்கையோடு அவர்கள் நட்ட பனை. செம்பனை, பிறர் நலத்துக்காக அவர்கள் நட்டு, இறுதியில் அவர்களையே பெயர்த்த பனை. நான்காவது பனை ஒன்று உண்டு. சொந்த நிலத்தில், மண்ணை அறிந்து, தம் விருப்பால் நடப்படும் பனை அது. அதன் வரலாறு இனிமேல்தான் எழுதப்படவேண்டும்.

பழைய லயத்தின் பின்புறத்தில் தென்னை நட்ட பாட்டன் பாட்டிமார், அதன் காயைத் தம் பேரர் பறிப்பர் என்று எண்ணியே நட்டிருப்பர். அவர்தம் எண்ணம் பொய்த்தது, நட்டது தவறன்று. எஞ்சி நிற்கும் அத்தென்னைகளும் மறுநடவின்போது வீழ்த்தப்படலாம். அதற்குமுன் அவை நின்ற இடங்களையும், அங்கு இருந்த லயங்களின் பெயர்களையும் ஆய்வு மாணவர் பதிவு செய்தல் வேண்டும். அத்தோட்டங்களில் பிறந்து இன்று தாமான் வீடுகளில் வாழும் முதியோர், எந்த மரம் யார் நட்டது என்பதை இன்னும் நினைவில் வைத்துள்ளனர். அவர்களைக் கேட்டறிதற்கு உரிய காலம் இதுவே.